ஒற்றைக் காலுறை

ஏழு மணி தாண்டினால்
ஒவ்வொரு கால்மணிக்கும் தாமதக் கட்டணம்.
செங்காங் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு
நான் மூச்சிரைக்க வரும்போது
செருப்புத் தட்டில் மிச்சம் ஒரே ஜோடி,
டைனோசர் ஒட்டியது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே
ஆசிரியை ரொஹானாவின் பக்கத்தில்
கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான் அகரன்.
நாள் முழுக்கச் சமர்த்தாம்.
சோற்றை மிச்சம் வைக்கவில்லை.
சறுக்கி விழுந்தபோதும் அழவில்லை.
ஸின் யீக்குத் தன் பிஸ்கட்டில் பாதி.

என்னைப் பார்த்தான்.
கட்டைகள் சரிந்தன.
தரையில் புரண்டு, வீறிட்டு,
ஒரு டைனோசரை என் மீது எறிந்தான்.

சீருடையும் பெயர்ப்பட்டையுமாக
நின்ற எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.
என்னிடம் மட்டும் ஏனடா?

காலையிலிருந்து
எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள்.
பிரேக் கொஞ்சம் அழுந்தியதற்கு ஒருவர் வைதார்.
கடைசிப் படியில் நின்றவர்
அட்டையைத் தட்டிவிட்டு முறைத்தார்.
எல்லாருக்கும் தலையசைத்தேன்.
மின்தூக்கி பதினான்காம் மாடியில் நிற்கும்வரை
அந்தச் சிரிப்பைச் சுமந்துதான் போவேன்.
குயிலி கதவைத் திறப்பாள்.
ரசத்தில் உப்பு இல்லை என்பேன்,
உப்பு இருக்கும்.

வெள்ளிக்கிழமை.
துவைக்க வேண்டிய விரிப்புகளைப்
பையில் போட்டுத் தந்தார் ரொஹானா.
அதன் அடியில்
கறுப்புக் காலுறை ஒன்று.
என்னுடையது.
இரண்டு வாரமாகத் தேடுகிறேன்,
சலவை இயந்திரத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

"மதியம் இது இல்லாமல் தூங்க மாட்டான்.
மூக்கில் வைத்துக்கொள்வான்."
கூச்சமாக இருந்தது.
அலசிக் கொண்டுவருகிறேன் என்றேன்.
"ஐயோ, அலசாதீர்கள்" என்றார்.

ரயிலில்,
இன்னும் விக்கல் அடங்காத மார்பு
என் மார்பில் ஏறி இறங்கியது.
எறிந்த கை
என் காலரைப் பிடித்திருந்தது.
பிரித்தெடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.
பிறகு பார்க்கவில்லை.
அன்றிரவு ரசத்தைப் பற்றி
ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.
குயிலி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கள் முதல்
ஒரு கால் கறுப்பு, ஒரு கால் சாம்பல்.
காற்சட்டை நீளம்தான், யாரும் பார்ப்பதில்லை.

முனையத்தில் வண்டியை நிறுத்திக்
கதவுகளைத் திறந்துவிடுகிறேன்.
மணி ஒன்று.
இந்நேரம் தூங்கியிருப்பான்.