வெண்கல வயிறு

ஏப்ரல் மூன்றாம் வாரம்.
ஏரியில் பாதி இன்னும் கட்டியாகத்தான் கிடந்தது.
சதுக்கத்தில் சாரம் கட்டி ஏறி
குதிரையின் வயிற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த வெண்ட்லா
"சினையாக இருக்கிறது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.
நகராட்சிக்காரர்கள் சிரிக்குமுன் கோப்பைப் பார்ப்பார்கள்.

கோப்பில் இருந்தது இவ்வளவு:
பிரபு ஆஸ்முந்த். அரசன் பாலகனாக இருந்த பதினோரு வருஷம்
நாட்டை நடத்தியவர்.
வரியைக் குறைத்தார்.
மைத்துனர்களில் இரண்டு பேரைக் குறைத்தார்.
முகம் எப்படியிருந்ததென்று ஒருவருக்கும் தெரியாது.
கடன் கொடுத்த சுங்கக் குமாஸ்தாவின் தாடையை
வெண்கலத்தில் வார்த்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டான் சிற்பி.
குதிரை மட்டும் நிஜம்.
பீர் வண்டி இழுத்த பெட்டைக் குதிரை.
ஆணாக்கச் சொன்னது விழாக் குழு.

நூற்றுப் பதினான்கு குளிர்காலம்
இடது முன்னங்காலைத் தூக்கியபடி.
பிரபுவின் கழுத்துப்பட்டைக்குக் கீழே ஒரு மயிரிழை விரிசல்.
உருகிய பனியெல்லாம் அவர் வழியாக
அதற்குள் இறங்கியிருக்கிறது.

"குளம்பில் துளை போடலாமே, கௌரவமாக"
என்றார் துணைமேயர் லெனார்த் ஊக்லா.
"தண்ணீர் குளம்பில் இல்லையே" என்றாள்.

பத்து நாற்பதுக்குத் துளை விழுந்தது.
முதலில் பழைய நாணயங்களின் வாடை.
பிறகு பச்சையாக, தடிமனாக,
குதிரைகள் பெய்வது போலவே
கூச்சமின்றிக் கொட்டியது.

துணைமேயர் முகத்தில் ஈயாடவில்லை.
தபால்காரி சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரம் குறித்தாள்.
பள்ளி மதிய இடைவேளை,
அப்போதும் நிற்கவில்லை.
நீதிமன்றப் படியை நனைத்து,
மீன்கடையைச் சுற்றிக்கொண்டு,
ஏரிக்கு வழி கேட்காமலே போனது நீர்.
யாரோ ஒரு பையன் அதில் பேருந்துச் சீட்டை மிதக்கவிட்டான்.

மேலே பிரபு, கையில் சாசனத்தோடு,
எதிரே மருந்துக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
காலடியில் நடப்பது ஆள்பவருக்குத் தெரிவதேயில்லை என்று
பத்திரிகைக்கு ஒரு வரி எழுதி
அடித்துவிட்டேன்.
பாவம், அந்தத் தாடைகூட அவருடையதில்லை.

மூன்று மணிக்குச் சொட்டு நின்றது.
வெண்ட்லா மறுபடி தட்டினாள்.
இம்முறை வயிறு ஒலித்தது.
நீளமாக. உள்ளே ஒரு கூடம் இருப்பது போல.
புறாக்கள் கிளம்பின, இறங்கின.

கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.
துளையை அடைக்கவில்லையா என்று கேட்டேன்.
கையுறையைக் கழற்றி
ஈரமான விலாவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாள்:
"இனி அவளே பார்த்துக்கொள்வாள்."