ஒரு கன்ஷாட் உள்ளே

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம்.
நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனை,
கடலோரக் காவலின் ரேடியோ அறை, இரவுப் பணி.
ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம்
ஈரச் சாக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சஸ்காட்செவன்காரி.
எங்கள் சமவெளியில் தூரத்துக்கு ஒளியத் தெரியாது.
அடுத்த ஊரின் தானியக் கிடங்கு
பதினாறு மைல் தள்ளி நின்றாலும்
காலைக் காப்பியோடு கண்ணில் படும்.
நியர் என்றால் நடந்து போகலாம்,
ஃபார் என்றால் பெட்ரோல் போடவேண்டும்.
என் அகராதி அவ்வளவுதான்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு குரல்.
இன்ஜின் நின்றுபோன படகு, பெயர் எஃபி மே.
ஆம்ப்ரோஸ் க்ளூயட், அறுபத்தெட்டு வயது, தனி ஆள்.
ஜிபிஎஸ் தண்ணீர் குடித்துவிட்டதாம்.
நங்கூரம் பிடித்திருக்கிறதாம்.
"எங்கே இருக்கிறீர்கள்?"
"ஹேண்டியாத்தான் இருக்கேன், பாறைக்கு."

ஹேண்டி
சுத்தியலுக்குச் சொல்கிற சொல்,
கைக்கு வாகாக இருப்பது.
ஒரு மனிதன் எப்படி
பாறையின் கைக்கு வாகாக இருப்பான்?

"எத்தனை மைல்?"
"மைலெல்லாம் இல்லை, வாத்துக்குஞ்சே.
ஒரு கன்ஷாட் உள்ளே.
நேத்து டவுன் நார்த் போனேன்,
திரும்ப மேலே வர்றப்போ இப்படி ஆயிடுச்சு."

சுவர் வரைபடத்தைப் பார்த்தேன்.
வடக்கு மேலேதான் இருந்தது.
இவரோ வடக்கே இறங்கிப் போயிருக்கிறார்,
தெற்கே ஏறி வந்துகொண்டிருக்கிறார்.
இங்கே காற்று போகிற திசைதான் பள்ளம்
என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்,
அட்சரேகை, தீர்க்கரேகை.
சுட்டால் குண்டு போய் விழும் தூரத்துக்குக்
கட்டம் இல்லை.
என்ன துப்பாக்கி என்று கேட்க வாயெடுத்தேன்,
நல்லவேளை, இருமல் வந்தது.

நாற்பது மைலுக்கு அப்பால் அவர்.
மூச்சோ என் காதுக்குள்.
கூப்பிடு தூரம்தான்,
போய்ச் சேரத்தான் வழி தெரியவில்லை.

அப்போது அதே அலைவரிசையில் இன்னொருத்தி,
நண்டுப் படகின் வெர்னா ராண்டெல்.
"அதான் சொல்லிட்டாரே, இன்னும் என்ன கேள்வி?"
என்னைத்தான்.
பிறகு அவரை:
"பெரிய பாறையா, குட்டியா?"
"குட்டி."
"காத்துப் பக்கமா, ஒதுக்கமா?"
"ஒதுக்கம்."
"டீ போட்டு வை."

ஐம்பது நிமிடம் கழித்து எண்கள் வந்தன,
வெர்னாவின் கருவியிலிருந்து.
அளந்து பார்த்தேன்.
குட்டிப் பாறையிலிருந்து எண்பத்தேழு மீட்டர்.
படிவத்தில் அழுத்தி எழுதினேன்.
இன்றுவரை யாரும் அந்த எண்ணைக் கேட்கவில்லை.

கயிற்றில் கட்டி இழுபட்டு வரும்போது
அவருக்குப் பேச்சு வேண்டியிருந்தது.
"நீ எந்த ஊர்?"
"சஸ்காட்செவன்."
"ஓ, அவே."

எதிலிருந்து அவே என்று காத்திருந்தேன்.
வாக்கியம் அங்கேயே முடிந்திருந்தது.
அவே என்பது ஓர் ஊர்.
டொரண்டோ அதில் ஒரு தெரு,
ஜப்பான் இன்னொன்று.
அங்கே பிறந்தவர்கள் இங்கே
முப்பது வருஷம் மீன் பிடித்தாலும்
அந்த ஊர்க்காரர்கள்தான்.
வெர்னாவின் கணவனும் அவேதானாம்.
ஹாலிஃபாக்ஸ்.

செப்டம்பரில் என் கதவடியில் ஒரு பொட்டலம்.
செய்தித்தாளில் சுற்றிய உப்புக் கருவாடு,
மேலே தச்சன் பென்சிலில்
'அவே பொண்ணுக்கு, ரேடியோ'.
வீட்டு எண் இல்லை. தெருவும் இல்லை.
வந்து சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார்.
அறுவடை, மழை, லாரியின் கியர்பாக்ஸ்.
பிறகு,
"புது வீடு வேலைக்குப் பக்கமா?"

"ஹேண்டி" என்றேன்
யோசிக்காமல்.

நாலாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு
லைன் அமைதியாக இருந்தது.

"அப்படின்னா
எத்தனை மைல்?"