பை இல்லாத கறுப்பு

மாமனாரின் அடக்கத்துக்குப் போக
என்னிடம் நான்கு கறுப்பு உடைகள் இருந்தன.
நான்கிலும் பை இல்லை.
துக்கத்துக்குப் போகிறவள்
கைக்குட்டை தவிர எதைக் கொண்டுபோவாள் என்று
தைத்தவர்கள் நினைத்திருக்கலாம்.

சீட்டுக்கட்டு அளவுதான் பெட்டி.
என் கணையம் கைவிட்ட வேலையைச்
சொட்டுச் சொட்டாகச் செய்கிறது.
இடுப்பில் செருகினால் கம்பளித் துணி புடைக்கும்.
தொடையில் பட்டி கட்டினால்
நடக்க நடக்க முழங்காலுக்கு இறங்கும்
(ஒருமுறை வங்கி வரிசையில், கணுக்கால்வரை).
கடைசியில் பிராவின் நடுவே,
திரை உட்பக்கம் பார்க்க.
மைனஸ் இருபத்தாறில்
இன்சுலின் உறையாமல் இருக்க
குவோபியோ நகரத்தில்
இதைவிடச் சூடான இடம் கிடையாது.

குழாயைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டு
கண்ணாடிமுன் பக்கவாட்டில் நின்றேன்.
"ஒன்றும் தெரியவில்லை" என்றான் இல்க்கா.
பதினோரு வருடமாக
அவன் எனக்குத் தரும் பாராட்டு அதுதான்.
அன்று அவன் அப்பா பெட்டிக்குள் கிடந்தார்.
நான் எதுவும் சொல்லவில்லை.

ஆர்கன் ஓய்ந்து
பாதிரியார் மூச்சு வாங்கிய இடைவெளியில்
என் நெஞ்சு கூவியது.
மூன்று முறை.
மருந்து தீரப்போகிறதாம், இன்னும் இருபது யூனிட்.
முன்வரிசைத் தலைகள் திரும்பின.
கைப்பையைத் துழாவி
வராத ஓர் அழைப்பைத் துண்டித்தேன்.
அடக்கத்தில்கூட செல்போனை அணைக்காதவள்.
அந்தப் பெயர் பரவாயில்லை,
மற்றதைவிட.
மற்றது என்ன பெயர் என்று யாராவது கேட்டிருந்தால்
எனக்கே தெரிந்திருக்காது.

பிறகு சால்மன் சூப். காப்பி. ஏலக்காய் பன்.
பன்னுக்கு நாற்பது கிராம் மாவுச்சத்து
என்றது கண்.
அதைப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும்.
பெட்டியோ பாதாளத்தில்.
மேசை நிறைய உறவினர்,
கழுத்துவழி கையை விட முடியாது.
கழிப்பறைக்குப் போய் முதுகு ஜிப்பை இழுத்தேன்.
பாதி வழியில்
துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

கதவு திறந்தது. ராகேல்.
இல்க்காவின் முதல் மனைவி.
இரங்கல் அறிவிப்பில்
என் பெயருக்கு ஒரு வரி மேலே அவள் பெயர்.
"திரும்பு" என்றாள்.
குளிர்ந்த விரல்கள். ஜிப் இறங்கியது.
குழாயைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.
"அங்கேயா வைக்கிறாய்?
எனக்கு அது சிகரெட்டுக்கான இடம்."
கைப்பையிலிருந்து நகக் கத்தரி எடுத்து
அக்குளுக்குக் கீழே, பக்கத் தையலில்
நான்கு விரல் அகலம் பிரித்தாள்.
"இருநூறு யூரோ" என்றேன்.
"துணிதானே."
பிரிந்த முனை மேலும் ஓடாமல்
ஓர் ஊக்கு குத்தினாள்.
அதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
பேசிக்கொள்கிறவர்கள் இல்லை நாங்கள்.

மேசைக்குத் திரும்பி
ஸ்வெட்டருக்கு அடியில் கையை நுழைத்தேன்.
ஒரு அழுத்தத்துக்கு அரை யூனிட்.
எட்டு முறை அழுத்தினேன்.
எட்டு முறை அதிர்ந்து, சரியா என்று கேட்டது பெட்டி.
எதிரே ஹெல்லெவி அத்தை
நெஞ்சில் கை வைத்திருந்த என்னைப் பார்த்து
"தௌனோமேல் உனக்கு இவ்வளவு பாசமா" என்றாள்.

தௌனோ என் வியாதியைப் பற்றி
ஒரு வார்த்தை கேட்டதில்லை.
ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
என் தட்டுக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கும்,
பென்சில் எழுத்தில்:
கேரட் பணியாரம் 31, பிளம்ஸ் டார்ட் 28.
சமையலறைத் தராசில் நிறுத்து
யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டு
ரேடியோ கேட்கப் போய்விடுவார்.
அவருக்கும் மறைக்கத் தெரிந்திருந்தது.

"ஆமாம்" என்றேன் அத்தையிடம்.

திரும்பும் வழியில், உறைந்த ஏரியோரம்,
இல்க்கா வண்டியோட்டிக்கொண்டிருக்க
கிழிசல் வழியே பெட்டியை வெளியே இழுத்து
மடியில் வைத்துப் பார்த்தேன்.
பதின்மூன்று புள்ளி இரண்டு.
அந்தப் பன் நாற்பது இல்லை.
அறுபது இருக்கும்.