கொட்டியாரக்குடாவை மான் தின்ற வியாழன்

நாற்பத்தொரு மேசைகளை இழுத்தோம்.
சீமெந்துத் தரை கதறிய கதறலில்
கீழே தரம் ஆறில் வாய்ப்பாடு நின்றுபோனது.
பிரதி அதிபர் இருதயநாதன் படியேறி வந்து
கதவடியில் நின்றார்.
"பாடம் நடக்குதோ ரீச்சர்?"
"நடக்குது சேர்."
"நீங்கள் பேசுறதாய்க் காணேல்லையே."
"நான் பேசேல்ல சேர்."

திருகோணமலையை ஆறாய்க் கிழித்திருந்தேன்.
குழுவுக்கு ஒரு துண்டு, ஒரு டிமைத் தாள்.
ஒருவர் கையில் அடிமட்டம், ஒருவரிடம் பென்சில்,
ஒருவருக்கு அழிறப்பர், ஒருவருக்குப் பசைப்போத்தல்.
மிச்சப்பேருக்கு ஒன்றுமில்லை,
அவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம்.
கையில் உள்ளதைக் கைமாற்றக் கூடாது.

முதலாம் பிள்ளை யதுர்ஷிகாவுக்கு
அழிறப்பர் விழுந்தது.
அவள் பென்சிலைப் பார்த்த பார்வையைப்
பார்க்காததுபோல் ஜன்னலைத் திறந்தேன்.
பின்வாங்கு நிரோஜிதனுக்கு அடிமட்டம்.
விடிய வாடியில் மீன் நிறுத்துவிட்டு வருகிறவன்;
கொப்பியில் எழுத்துக் குறைவு,
விரலில் செதில்.

முதல் இருபது நிமிடம் சந்தை.
நிலாவெளிக் குழுவில் ஒருத்தி அழுதாள்.
மனையாவெளிக்காரர் கடலை முதலில் தீட்டிவிட்டு
ஊரை வைக்க இடம் தேடினார்கள்.
சீனக்குடாவில் ஒரே அமைதி. போய்ப் பார்த்தால்
உப்புத்தூள் போட்ட ஒரு மாங்காய்
ஏழாய்ப் பிரிந்துகொண்டிருந்தது.
அதுவும் குழுச் செயற்பாடுதான் என்று
வழிகாட்டி நூலில் எங்காவது இருக்கக்கூடும்.

பிறகு துண்டுகளைத் தரையில் பொருத்தினோம்.

சீனக்குடாவில் புறப்பட்ட பாலம்
கிண்ணியாவுக்குப் போய்ச்சேரவில்லை.
ஒரு விரற்கடை தள்ளிக் கடலில் இறங்கியது.
"சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர்" என்றான் நிரோஜிதன்,
"பஸ் முழுக்கத் தண்ணிக்குள்ள."
சஹ்லான் எழும்பினான்.
"நான் தினமும் அதாலதான் வாறன்.
இண்டைக்கும் நனையேல்ல."

யார் பிழை என்று சண்டை.
விடை எனக்குத் தெரியும்.
நாக்கைக் கடித்துக்கொண்டு
ஜன்னல் கம்பிகளை எண்ணினேன்.
பதினொரு வருடம் பேசியபடியே நின்ற கால்கள்
பேசாமல் நிற்கத் தெரியாமல் உளைந்தன.

இரண்டு துண்டையும் அளந்தான், திரும்ப அளந்தான்.
"கோடு சரி. தாள்தான் பிழை.
போட்டோகொப்பிக் கடையில
எங்கட துண்டைப் பெருப்பிச்சுப் போட்டாங்கள்."
யாரும் கைதட்டவில்லை.
யதுர்ஷிகா மட்டும் குனிந்து
தன் குழுவின் கரையை
அவன் சொல்லச் சொல்ல
அழிக்கத் தொடங்கினாள்.

இடைவேளைக்கு முன்
பசை காயட்டும் என்று கீழ் வராந்தாவில் விரித்தோம்.
மணியடித்துத் திரும்பினால்
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
கொட்டியாரக்குடாவை மென்றுகொண்டிருந்தது.
மூதூர் இறங்குதுறை அதன் கடைவாயில்.
பிள்ளைகள் சிரித்த சிரிப்புக்கு
அது காதைக்கூட அசைக்கவில்லை.

தின்றதை நினைவிலிருந்து போடச் சொன்னேன்.
பென்சில்காரிக்கு வளைவு தெரிந்தது,
தூரம் தெரியவில்லை.
பசைக்காரனுக்கு ஓரங்கள் மட்டும்.
ஆறு எந்த இடத்தில் கடலில் விழுகிறது என்பது
வெறுங்கையோடு இருந்த லோகிதனுக்குத்தான் தெரிந்தது.
காலையில் அதையே மூன்றுதரம் கேட்டு
எல்லாரிடமும் ஏச்சு வாங்கியவன்.

கணிப்பீட்டுப் படிவத்தை விரித்தேன்.
ஆளுக்கொரு வரி, ஆளுக்கொரு கட்டம்.
மூன்றுதரம் கேட்டதற்குக் கட்டமில்லை.
பிறருக்காக அழித்ததற்கும் இல்லை.
நாற்பத்தொரு பேருக்கும் புள்ளி போடவேண்டும்,
புள்ளியெல்லாம் மானின் முதுகில்
மதிலோரமாய்ப் போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரைக்கு மேசைகளை வரிசைக்குத் தள்ளினோம்.
இருதயநாதன் சேர் திரும்பவும் வந்தார்.
சுவரைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார்,
அதில் கடித்த ஓரத்தைப் பார்த்தார்.
பிறகு தரையை.
வட்டம் வட்டமாய் வெள்ளைக் கீறல்கள்.
"இது போகாது ரீச்சர்."
"போகாது சேர்."