மூன்று பேருக்குத்தான் இடம்

புந்தா அரேனாஸில் ஒரே வீடு, ஒரே டிவி,
ஆட்டத்தில் இருவருக்கும் ஒரே சேவ்.
ஒவிதியோவுக்கு நண்டு ஆலையில் இரவு வேலை.
எனக்குப் பகலில் படகு:
ஜலசந்திக்கு அந்தப் பக்கம் லாரிகளை ஏற்றி இறக்குவது.
நான் பூட்ஸைக் கழற்றும் நேரம்
அவன் பூட்ஸ் வாசலில் இருக்காது.
வாடகை பாதிப் பாதி, ஹீட்டர் பாதிப் பாதி.
ஆட்டத்துக்கு மட்டும் நாங்கள் கணக்கு எழுதவில்லை.

கூடாரத்தில் ஐந்து பேர் குளிர் காய்கிறார்கள்.
காட்டுக்குள் மூன்று பேரைத்தான் கூட்டிப்போகலாம்.
ஏன் என்று கேட்கக் கூடாது.
பாதை என்னவோ பத்து லாரி போகிற அகலம்.

நான் எப்போதும்
கேடயக்காரி தார்கா, வைத்தியத் துறவி பெலின்,
நெருப்பு எறியும் ஓல்மா.
முன்னால் இரும்பு, பின்னால் மருந்து, நடுவில் தீ.
சரக்கு அடுக்குவதும் இப்படித்தான்,
எடை ஒரு பக்கம் சாயக் கூடாது.

மறுநாள் மாலை திறந்தால்
பெலின் கூடாரத்தில் துணி காயப்போடுகிறார்.
அவர் இடத்தில் பாணன் கீலோ.

கீலோ!
வில்லெடுத்தால் மரத்தில் படும்.
யாழெடுத்தால் ஓநாய்க்குக் கேட்கும்.
உப்புக்குச் சப்பாணி.
இறக்கி உட்காரவைத்தேன்.
"சரி, கஞ்சியாவது கிண்டுகிறேன்" என்றான்.
அடுத்த நாள் மறுபடி கீலோ.
மறுபடி நான் இறக்க,
மறுபடி இரவில் அவன் ஏற.

ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டினேன்:
*உன் பாணனால் செத்தோம். இரண்டு தடவை.*
காலையில் அதன் கீழே, நண்டு வாசத்தோடு:
*தெரியும். பாலத்துக்கிட்ட அவனோட பேசிப் பாரு.*

நான் பேசுகிற ஆள் இல்லை.
யார் வாய் திறந்தாலும் பட்டனை அழுத்தித் தாண்டிவிடுவேன்.
தார்காவுக்கு மகன் உண்டு என்பதே
அவன் கல்லறைக்குப் போனபோதுதான் தெரியும்.

பிறகு ஒரு நாள் காற்று.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்,
அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் ரொட்டி வாங்கப் போனார்கள்.
துறைமுகம் மூடல். எனக்கு வேலையில்லை.
கீலோவைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

பாதிப் பலகையில் நின்றுவிட்டான்.
"அக்கரையில் என் வீடு" என்றான்.
"பன்னிரண்டு வருஷமாக இக்கரையில் பாடுகிறேன்.
தண்ணீரைக் கீழே பார்த்தால் கால் வராது."

பதிலுக்கு மூன்று வரி தந்தது ஆட்டம்.
முதல் வரி, கிண்டல்.
இரண்டாவது, கட்டளை.
மூன்றாவது வரி ஏற்கெனவே சாம்பல் நிறம்,
முன்பே யாரோ அழுத்தியது:
*எனக்கும் வராது.*

போர்வெனீரில் ஒவிதியோவின் அக்கா குழந்தைக்கு
நான்கு வயதாகிறது.
என் படகில் இரண்டு மணி நேரம்.
இலவச டிக்கெட் மூன்று முறை நீட்டினேன்.
மூன்று முறையும் "தூக்கம்" என்றான்.
சோம்பேறி என்று
என் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

கதவு காற்றோடு திறந்தது. ஆலையிலும் மின்சாரம் போயிருந்தது.
அவன் உள்ளே வந்து திரையைப் பார்த்தான்,
பாலத்தைப் பார்த்தான்,
பக்கத்தில் உட்கார்ந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

ஓடும் பட்டனைத் தொடாமல்
ஒவ்வொரு பலகையாகக் கீலோவை நடத்தினேன்.
நடுவில், திரையைவிட்டுக் கண் எடுக்காமல் சொன்னேன்:
"படகில் எஞ்சின் அறையை ஒட்டி ஒரு பெஞ்சு இருக்கு.
ஜன்னல் கிடையாது."

வெளியே கயிறு சீட்டியடித்தது.

"சத்தமா இருக்குமா?"

"காது அடைக்கும்."

"ம்" என்றான்.

அக்கரையில் பூதம்.
கீலோ அம்பை எடுத்தான். மரத்தில் பட்டது.
நாலு பேரும் செத்தோம்,
ஒவிதியோ கோட்டோடு சரிந்து சிரித்தான்,
அவன் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுபடி கூடாரம், மறுபடி ஐந்து முகம்.
யார் யார், என்கிறது ஆட்டம்.
நான் கீலோவைத் தொட்டேன்.
அவன் என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கி,
கொஞ்சம் யோசித்து,
ஓல்மாவை இறக்கிவிட்டு
பெலினை எழுப்பினான்.