பின்னால் பார்க்கிறவன்

ஸ்டியரிங் க்வின் கையில்.
எனக்கு ஒரு பித்தளைப் பம்பு, ஒரு ஸ்பானர்,
பிடித்துக்கொள்ளத் தோல்வார் ஒன்று.
கதவில்லை, கூரையில்லை,
பின்னால் பார்க்கக் கண்ணாடியில்லை.
நான்தான் கண்ணாடி.

பின்னால் யாரும் நெருங்கினால்
அவன் தொடையில் ஒரு தட்டு.
முந்தப்போகிறான் என்றால் இரண்டு.
நெருப்பென்றால் எத்தனை என்று
நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, நவம்பர்.
சவானாவுக்கு வெளியே ஓக் மரங்கள்
சாம்பல் பாசியைத் தொங்கவிட்டு நின்றன,
பிழியாமல் காயப்போட்ட துணி மாதிரி.
மணிக்கு எழுபது மைல்.
பல்லோடு பல் மோத,
ஆமணக்கெண்ணெய்ப் புகை நாக்கில் வழுக்க,
ஆறாம் சுற்றுவரை
பாதையைப் பற்றி நான் நினைக்கவேயில்லை.
அவ்வளவு நல்ல பாதை.

ஏழாவதில் டயர் வெடித்தது.
ஜாக்கியைத் தள்ளக் குனிந்தபோது பார்த்தேன்:
ரோடு உருளை எட்டாத ஓரத்தில்,
எண்ணெய் விட்டு இறுகிய சரளைமண்ணில்
ஒரு வெறுங்கால்.
ஐந்து விரலும் தெளிவாய்.
பக்கத்திலேயே, ஒரு முழ நீளத்துக்கு,
சங்கிலி இழுபட்ட கோடு.

"என்னடா பார்க்கிறாய், மிக்லோஷ்?"
"ஒன்றுமில்லை."
பொய் சொல்ல நேரமாகாது.
டயர் மாற்றத்தான் நாலு நிமிடம்.

அதற்கப்புறம் பார்த்துக்கொண்டே வந்தேன்.
ரிப்பன் வைத்த தொப்பிகளுக்குப் பின்னால்,
துப்பாக்கிச் சிப்பாய்களுக்கும் பின்னால்,
வேலியோரம் நிறுத்தியிருந்தார்கள் அவர்களை,
பட்டைக்கோடு போட்ட சட்டையில், மண்வெட்டியோடு,
வளைவு பெயர்ந்தால் நிரப்புவதற்கு.
கறுத்த முகங்கள்.
ஊரே எங்களைப் பார்த்துக் கத்தியபோது
அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை.
சக்கரத்துக்கடியில் சரளை தாங்குகிறதா என்று பார்த்தார்கள்.

ஒருவன் மட்டும்
நாங்கள் கடக்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினான்.
சுற்றுகளையா,
மிச்சமிருந்த ஆண்டுகளையா, தெரியவில்லை.
பத்து விரலும் தீர்ந்து
மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

நாலாவதாக வந்தோம்.
நாலாவதுக்குக் கோப்பை கிடையாது,
ஒரு பெட்டி சுருட்டு.
இரவு விருந்தில் யாரோ எழுந்து
பாதையைப் புகழ்ந்தார்.
ஐரோப்பாவில்கூட இப்படி ஒன்று இல்லையாம்.
எப்படி வந்தது என்று சொல்லவில்லை.
மழை போல, தானே வந்திருக்கும்.

எல்லோரும் கை தட்டினார்கள். க்வினும்.
மேசைக்கடியில் என் கை
தானாகப் போய்
அவன் தொடையில் ஒரு தட்டு தட்டியது.

"யார்?" என்றான்
பழக்க தோஷத்தில்,
திரும்பிப் பார்க்காமல்.