மூன்று குடம்

கூத்தாநல்லூர் பின்கட்டு ஷெட்டில்
இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்புக் கார்.
போன வருஷம் பதினெட்டு லட்சத்துக்குக் கேட்டார்கள்.
தை பிறந்ததும் இருபத்தேழு.
வெண்ணாற்றில் தண்ணீர் வருவதற்குள்
நாற்பதைத் தாண்டிவிட்டது,
ஓரடிகூட நகராமல்.

கோயம்புத்தூர்க்காரர் காந்தம் வைத்துப் பார்த்தார்.
கதவெல்லாம் ஒட்டியது. எங்கும் பட்டி பூசவில்லை.
வெள்ளைச் சட்டையோடு அடியில் மல்லாந்து
இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும்
வாய்விட்டுப் படித்தார்.
பத்துக்குப் பத்துப் பொருத்தம்.

எழுந்தவர் பானட்டை விரலால் தடவினார்.
“இதை யார் கழுவினது?”

நான்தான்.
பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருக்கட்டுமே என்று
நேற்று மூன்று குடம் ஊற்றித் தேய்த்தேன்.

நாற்பது வருஷத் தூசியாம்.
அதற்கென்றே மூன்று லட்சம் வைத்திருந்தாராம்.
குடத்துக்கு ஒன்று.

லியாகத் அண்ணன் என் பக்கம் திரும்பவேயில்லை.
ஷெட் வாசலில், இன்னும் காயாத சேற்றில்
ஒரு வாத்து
அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது.